ஊறுகாய் போத்தலோடு ஒரு கடிதம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. சுங்கை சிப்புட்டில் எல்லோரும் நலம். எதிர்வீட்டு அக்கா மகன் நீ இருக்கிற கூலிமுக்குத் திரும்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். ஊறுகாய் போத்தலைச் சாய்த்து வைக்காதே, மூடி சரியில்லை. முறுக்கை ரூமில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு.

வாட்சாப்பில் நீலக்கோடு விழுகிறது, பதில்தான் வரக் காணோம். வேலை அதிகம் என்று நானே அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நைட் ஷிப்ட்டா? வெறும் மேகியைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

அப்பாவுக்குச் சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. காலையில் தேத்தண்ணீர்க் கடைக்குப் போனால் உன் கதைதான். "என் மகள் கையில் இருக்கிற மைக்ரோமீட்டர் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரிக்கும்" என்று, செம்பனைக் குலை வெட்டிவிட்டு வருகிறவர்களை நிறுத்தி வைத்துச் சொல்கிறார். பேக்டரியில் அளக்கிற ரூம் 20 டிகிரியில் இருக்கணும், சூட்டில் இரும்பு நீளும் என்று தீபாவளிக்கு வந்தபோது சொன்னாயே, அதை இன்னும் விடவில்லை. போன வாரம் கேட் சரியாக மூடவில்லை என்றேன், அதற்கும் அதே காரணம்தான். துரு பிடித்த கீல் அவர் கண்ணில் படவில்லை.

அந்த ரூம் குளிருமே, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதானே போகிறாய்? இன்னும் அது தேவைப்படுகிறதுதானே?

அக்கா மகன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஏதோ ஒரு லாட் சரக்கு கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்ததாம், யாரையோ பேக்கிங் பக்கம் மாற்றிவிட்டார்களாம். யார் பேரையும் அவன் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை, முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தேன்.

பாட்டியின் நீல நோட்டு அத்தை வீட்டில் பத்திரமாக இருக்கிறது. நாலாம் வகுப்பு படிக்கும்போது அதில் கணக்கு எழுதியது நான்தான். பள்ளி லீவு நாளில் பாட்டியோடு ரப்பர் பால் ஸ்டோருக்குப் போவேன். பால் வாளிகள் தொங்கும் காண்டாத் தடியை இறக்கியதும், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எடை போடுவார், பிறகு கொஞ்சம் பாலை எடுத்துத் தண்ணீர் கலந்து பாலின் கெட்டியைக் காட்டும் மெட்ரோலாக் கருவியை மிதக்க விடுவார். கெட்டிப் பால் என்றால் அது ஆழ இறங்கும், தண்ணிப் பால் என்றால் எழும்பி நிற்கும். நுரையை ஒதுக்கிவிட்டுத்தான் எண்ணைப் பார்க்கணும். வெயில் ஏறிவிட்டால் அவர் எங்கே ஒதுக்கினார்? நுரைக்கு மேலேயே ஒரு பார்வை, வாயில் வந்த ஓர் எண். அந்த எண்ணை வைத்துத்தான் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று போட்டுச் சம்பளம். பாட்டி அங்கேயே நின்று நுரையை விரலால் வழித்துவிட்டு, "இப்ப பாருங்க ஐயா" என்பார். கிராணி சொன்ன எண்ணை நான் நோட்டில் எழுதுவேன். ஒரு மாதம் காசு குறைந்தது, பாட்டி நோட்டோடு ஆபீசுக்குப் போனார். அந்தக் காசு வரவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து எங்கள் வாளிக்கு மட்டும் நுரையை ஒதுக்கிவிட்டு எண்ணைச் சத்தமாகச் சொன்னார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், நீ அளக்காத எண்ணை எழுதாதே. அவசரம், லாரி நிற்கிறது, நேற்று எடுத்த அளவையே போடு என்று யார் சொன்னாலும் சரி. கருவியைத் துடை, பூஜ்யம் பார், காலிபிரேஷன் ஸ்டிக்கரில் தேதி தாண்டியிருக்கிறதா பார். இதெல்லாம் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எழுதச் சொன்னது யார், எத்தனை மணிக்கு என்று உனக்கென்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வை. பயிற்சிக்குப் போன பிள்ளை நீ, சரக்கை வெளியே விடலாம் என்று கையெழுத்துப் போடும் இடம் உன்னுடையதா, மேலே இருப்பவருடையதா? அளக்காததை மட்டும் எழுதாதே, பாப்பா.

டீச்சர் வேலைக்கு எழுதிப் போடு என்று தலையால் அடித்துக்கொண்டேன், கேட்டாயா? சரி, போகட்டும். நாலு நாள் பேக்டரி, ஒரு நாள் வகுப்பு என்று போய், சிஜில் சான்றிதழில் மூன்றாம் நிலை வரை வந்துவிட்டாய். நம் லயத்தில் எந்தப் பிள்ளை இரும்புக்குக் கணக்குப் பார்த்தது? அந்தச் சிஜிலை மட்டும் முடித்துவிடு. பேக்கிங்கில் நிற்க வைத்தாலும் வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடாதே. யாரையோ மாற்றினார்கள் என்றானே, அந்தப் பிள்ளைக்கும் இதைச் சொல்.

காசு அனுப்ப வேண்டாம். இந்த மாதம் அலவன்ஸ் குறைந்திருந்தால் சொல், கூட்டுச் சீட்டுப் பணம் எனக்குத்தான் விழுந்திருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் ரயில் ஏறினால் நேரே இங்கே இறங்கிவிடலாம், டிக்கெட்டுக்கு யோசிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா மோட்டாரில் மாமா வீட்டுக்குப் போகிறார், மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். பத்து மணிக்கு மேல் வீட்டில் நான் மட்டும்தான். அப்போது கூப்பிடு.

இப்படிக்கு,
அம்மா