வைகை கடலைச் சேர்ந்தால் வீணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வைகையில் வெள்ளம் வந்தால் ‘வீணாகக் கடலில் கலக்கும் தண்ணீர்’ என்ற தலைப்பும் கூடவே வந்துவிடுகிறது. தங்கள் இதழிலும் படித்தேன். அந்த ‘வீணாக’ என்ற சொல் என்னை உறுத்துகிறது.

கண்மாய் நிரம்பாத சம்சாரியின் வயிற்றெரிச்சல் நியாயமானது. வரத்துக்கால்வாயைத் தூர்வாராமல் விட்டது நம் தவறு. அதற்காக ஆறு கடலைச் சேர்வதையே தவறு என்று எழுதலாமா?

258 கி.மீ. ஓடிவரும் வைகையின் நீர் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலோடு சேர வைகைக்கு மனமில்லை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மிஞ்சும் வெள்ளம் எப்போதாவதுதான் ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் விரிகுடாவைத் தொடுகிறது. அந்தக் கடலோரத்தில் ஆங்காங்கே, உப்பைத் தாங்கும் உமரிச் செடி படர்ந்த உவர்ச் சேற்றுநிலம் உண்டு. பார்க்கிறவர்கள் பொட்டல் என்பார்கள். குனிந்து பார்க்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் வளை வாசலில் நின்று அதை ஆட்டிக்கொண்டிருக்கும். பெண் நண்டு இரண்டு சிறு கொடுக்காலும் சேற்றை அள்ளி, பாசியைச் சலித்துத் தின்றுவிட்டு மீதியை உருண்டையாகத் துப்பும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்தக் கறுப்புச் சேற்றுக்குள் காற்று போவது இவற்றின் வளைகள் வழியாகத்தான். உமரி வேருக்கும் அதனால் மூச்சு. உமரியைப் பச்சையாகத் தின்பவை குறைவு. மட்கிய பிறகே அது நத்தைக்கும் சேற்றுப் புழுவுக்கும் இரையாகும். அந்த மட்கை மேய இறால் குஞ்சும் மடவை மீன் குஞ்சும் ஓதம் என்கிற கடல் நீரேற்றத்தோடு வருகின்றன. புழுவைக் கொத்த, பனிக்காலத்தில் வடக்கேயிருந்து உள்ளான் பறவைகள் வருகின்றன. மதுரை கரிமேடு மீன் சந்தையில் நாம் விலை பேசும், கடலில் பிடித்த வெள்ளை இறால், கடலில் பிறந்தாலும் இப்படிப்பட்ட கழிமுகங்களில்தான் வளர்கிறது.

பாக் விரிகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் 1 மீட்டருக்கும் குறைவு. மேட்டுச் சேற்றுக்குக் கடல்நீர் எட்டுவதே அரிது. சித்திரை வெயிலில் உப்பு பொருக்குத் தட்டி, கடலைவிட அங்கே உப்பு ஏறிவிடும். தாங்கத் தெரிந்த சில இனங்களே மிஞ்சும். அந்த உப்பைக் கழுவுவது ஐப்பசி, கார்த்திகை மழையும் ஆற்று வெள்ளமும்தான். வண்டலும் அதோடுதான் வந்து சேர்கிறது. திடீரென்று உப்பு குறைவதால் சில உயிர்கள் மடிவதும் உண்மை. ஆனால் நத்தை மூடியை இறுக அடைத்துக்கொள்ளும். நண்டு வளைக்குள் பதுங்கும். வெள்ளம் வடிந்ததும், கடலில் மிதந்து வளர்ந்த இளங்குஞ்சுகள் திரும்பி வந்து குடியேறும்.

‘உபரிநீர் கடலைச் சேர்ந்தது’ என்று எழுதுங்கள், போதும். தை மாதத்தில் ஒரு நிருபரை ஆற்றங்கரைப் பக்கம் அனுப்புங்கள். நீர் வற்றும் நேரத்தில் நிழல்கூட அசையாமல் ஐந்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். காலடிச் சத்தத்துக்கு உள்ளே ஓடிய நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திருப்பரங்குன்றம், மதுரை.