பழைய சோபாவுக்கும் மெத்தைக்கும் வாசலில் கட்டணம் வேண்டாம்: ஓட்டேரி, பட்டாளம் மக்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்
ஓட்டேரி நல்லா கால்வாயை ஒட்டிய தெருக்களில் குடியிருப்போர்,
ஓட்டேரி, பட்டாளம்,
சென்னை – 600 012.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: வீடுகளில் கழிக்கப்படும் சோபா, மெத்தை, கட்டில் போன்ற பெரிய பொருட்களை அகற்ற, பொருளுக்கு இவ்வளவு என்று குடியிருப்போரிடம் கட்டணம் விதிக்க வேண்டாம் எனவும், விற்கும் கடைகளையும் விடுதி, மண்டபம் போன்ற வணிக இடங்களையும் அந்தச் செலவுக்குப் பொறுப்பாக்க வேண்டும் எனவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் முதல் சனிக்கிழமைகளில் பழைய மரச்சாமான், மெத்தை, துணிமணிகளை வீடு தேடி வந்து இலவசமாக எடுத்துப் போகும் ஏற்பாட்டை மாநகராட்சி நடத்தி வருகிறது. 1913-க்குப் போன் செய்தோ, நம்ம சென்னை செயலியில் பதிந்தோ சொன்னால் போதும் என்பது பெரிய வசதி. இந்த மனு அதைக் குறை சொல்வதற்கு அல்ல. அது இலவசமாகவே தொடர வேண்டும் என்பதற்கும், பணம் வேண்டுமென்றால் யாரிடம் வாங்கலாம் என்று சொல்வதற்கும்தான்.

இதற்கும் கட்டணம் வந்துவிடும் என்ற பேச்சு எங்கள் தெருக்களில் அடிபடுகிறது. மாநகராட்சி அப்படி அறிவித்ததாக நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பேச்சு கிளம்பக் காரணம் இருக்கிறது. 2021 ஜனவரி முதல் வீட்டுக் குப்பைக்கு மாதக் கட்டணம் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைக்கப்பட்டதை யாரும் மறக்கவில்லை. பெங்களூருவில் 2025 ஏப்ரல் முதல் சொத்து வரியோடு சேர்த்துக் குப்பைக் கட்டணம் வாங்குகிறார்கள். பயனாளர் கட்டணம் வாங்க, திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இலேயே உள்ளாட்சிகளுக்கு இடம் கொடுத்துவிட்டன. ஆகவே சட்டப்படி முடியுமா என்ற கேள்வியே இல்லை. இதைப் பற்றிப் பேச நாங்கள் கூடியபோது எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

கட்டணம் வேண்டும் என்றவர்கள் சொன்னது நியாயமான பேச்சுதான். லாரிக்கு டீசல், தூக்க ஆள், கிடங்குச் செலவு எல்லாம் சும்மா வராது. ஒரே கட்டிலை முப்பது வருடமாக வைத்திருக்கும் வீட்டின் வரிப் பணத்தில், தீபாவளிக்குத் தீபாவளி சோபா மாற்றுகிற வீட்டின் குப்பையை ஏன் அள்ள வேண்டும் என்று ஓர் அம்மா கேட்டார். யாராலும் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஜப்பானில் சில காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர் அங்குள்ள வழக்கத்தைச் சொன்னார். டோக்கியோவில் பெரிய பொருளைக் கழிக்க முன்பதிவு செய்து, கடையில் ஸ்டிக்கர் வாங்கி, பொருளின் மேல் ஒட்டி, சொன்ன நாளில் சொன்ன இடத்தில் வைக்க வேண்டுமாம். ஸ்டிக்கர் இல்லாவிட்டால் வண்டி எடுக்காது.

சரி, அதே ஸ்டிக்கரை இங்கே ஒட்டினால் என்ன ஆகும் என்றுதான் நாங்கள் யோசித்தோம்.

எங்கள் பகுதியில் ஒரு சோபா கழிவது எப்படி என்று தங்களுக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது இங்கே புதிதாக வந்திருக்காது. அண்ணா நகரிலோ கீழ்ப்பாக்கத்திலோ ஒரு வீட்டில் புதிதாக இறங்கி, அங்கே சில வருடம் இருந்து, அப்புறம் வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கோ வாட்ச்மேனுக்கோ கொடுக்கப்பட்டு, அல்லது செகண்ட் ஹேண்ட் கடை வழியாக விலை குறைந்து குறைந்து, கடைசியில் பட்டாளத்தில் ஒற்றை அறை வீட்டுக்கு வருகிறது. இங்கேதான் அதன் கால் உடைகிறது. இங்கேதான் மழைத் தண்ணீரில் ஊறுகிறது. ஆகவே கழிக்கும்போது கட்டணம் என்றால், அந்தச் சோபாவைப் புதிதாக வாங்கி நன்றாக அனுபவித்தவர் ஒரு பைசா கட்ட மாட்டார். கடைசியாக யார் கையில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விடியும். கட்டணத்தை ஆதரித்துப் பேசியவர்களில் பலர் இந்த ஒரு விஷயத்தில்தான் மனம் மாறினார்கள். இந்த மனுவில் தாங்கள் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் இருக்கும் என்றால் இதைப் படியுங்கள்.

மெத்தையின் கதை இன்னும் மோசம். முன்பெல்லாம் இலவம்பஞ்சு மெத்தை. பஞ்சு கட்டி தட்டிவிட்டால், வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் வருகிறவரைக் கூப்பிட்டு, மொட்டை மாடியில் பஞ்சை அடித்து, புது உறை தைத்துப் போட்டுக்கொள்வார்கள். கழிப்பது என்ற பேச்சே இல்லை. இப்போது ஃபோம் மெத்தை. பள்ளம் விழுந்தால் விழுந்ததுதான், யாராலும் சரி செய்ய முடியாது. காயலாங்கடைக்காரர் இரும்புக் கட்டிலை எடை போட்டு வாங்குவார், பிளாஸ்டிக் நாற்காலியை வாங்குவார், பழைய ஃபிரிட்ஜை வாசலுக்கே வந்து எடுத்துப் போவார். மெத்தையைக் காட்டினால் கையை விரிப்பார். சோபாவை உடைத்துப் போட்டால் ஸ்பிரிங்கையும் ஆணியையும் மட்டும் பொறுக்கிக்கொள்வார். ஸ்பான்ஞ்சும் ரெக்சினும் தண்ணீர் பட்டு உப்பிப்போன பலகையும் மாடிப்படிக்குக் கீழேயே கிடக்கும்.

அப்புறம் மீன்பாடி என்னும் மூன்று சக்கர வண்டிக்காரர் ஒருவரோ, குட்டி யானை என்னும் சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறவரோ வருவார். ஐந்நூறு கொடு, எண்ணூறு கொடு என்று பேரம் நடக்கும். எங்கே கொண்டு போய்ப் போடுவீர்கள் என்று கேட்டால், அதெல்லாம் நான் பார்த்துக்கறேன் என்பார். அவர் பார்த்துக்கொள்ளும் இடம் பல நேரம் கால்வாய்ப் பாலம்தான். அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. பணம் கொடுத்து அனுப்பியவருக்கும் மனதுக்குள் தெரியும்.

ஓட்டேரி நல்லா கால்வாய் அண்ணா நகர்ப் பக்கம் இருந்து அயனாவரம், ஓட்டேரி வழியாக வந்து பேசின் பாலம் அருகே பக்கிங்காம் கால்வாயில் சேருகிறது. பிளாஸ்டிக் பை மிதந்து போய்விடும். மெத்தை அப்படிப் போகாது. தண்ணீர் குடித்துக் கனத்து, பாலத்தின் தூணில் சாய்ந்து நின்றுவிடும். அதன்மேல் செடி, அதன்மேல் துணி, அதன்மேல் தெர்மாகோல் என்று அடுக்கு ஏறும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் பொக்லைன் இறக்கித் தூர்வாரும்போது மெத்தை எடுப்பதை நாங்கள் பாலத்தின் மேல் நின்று பார்க்கிறோம். பொக்லைன் வாளியின் பற்களில் மாட்டி, பாதி கிழிந்து மறுபடி விழுந்து, திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். வாசலில் ஒரு மெத்தைக்குச் சில நூறு ரூபாய் வசூலித்து, அந்தக் கட்டணத்துக்குப் பயந்தவர்கள் கால்வாயில் போடும் மெத்தையைப் பொக்லைன் வாடகை கொடுத்து எடுப்பது மாநகராட்சிக்கு லாபமா என்று கணக்குப் பிரிவைக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.

அபராதம் இருக்கிறதே என்று சொல்லலாம். பொது இடத்தில் குப்பை கொட்டினால் ரூ.5,000 என்று 2024-இல் உயர்த்தப்பட்டது எங்களுக்குத் தெரியும். அதை வரவேற்கிறோம். ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்குப் பாலத்தில் வண்டி நின்று கிளம்ப அரை நிமிடம் போதும். இலவசமாக எடுக்க ஆள் இருக்கும்போது அப்படிக் கொட்டினால்தான் அபராதம் போடவும் முகம் இருக்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை நினைவுபடுத்துகிறோம். புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி எல்லாம் தண்ணீரில் நின்றன. வடிந்த பிறகு தெருவுக்குத் தெரு மெத்தை, சோபா, ஊறிப்போன பீரோ, பள்ளிப் புத்தகம் என்று குவியல். அன்றைக்குப் பொருளுக்கு இவ்வளவு என்று ரசீது புத்தகத்தோடு யாராவது வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்களைப் போன்ற தாழ்வான பகுதியில் பெரிய பொருள் கழிவது ஆடம்பரத்தால் அல்ல, பெரும்பாலும் வெள்ளத்தால்தான்.

செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கு மின்னணுக் கழிவு விதிகள் 2022 இருக்கின்றன. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அந்த விதிகளின்படி, தயாரித்து விற்கும் கம்பெனிக்கே பழையதைத் திரும்பச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உண்டு. மெத்தைக்கும் சோபாவுக்கும் அப்படி ஒன்றும் இல்லை. மத்திய அரசின் விதிக்குக் காத்திருக்க வேண்டாம். மெத்தைக் கடைக்கும் பர்னிச்சர் கடைக்கும் தொழில் உரிமம் கொடுத்துப் புதுப்பிப்பது மாநகராட்சிதானே. புது மெத்தை கொண்டுவந்து இறக்கும் வண்டி திரும்பும்போது காலியாகத்தான் போகிறது. வாடிக்கையாளர் கேட்டால் பழையதை அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு மாநகராட்சி சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டும் என்று உரிமத்தில் ஒரு நிபந்தனை போடலாம். அங்கே எடைக்கு ஏற்பக் கடையிடம் கட்டணம் வாங்கலாம். கடைக்காரர் அதை விலையில் ஏற்றுவார், ஏற்றட்டும். இருபதாயிரம் ரூபாய்க்கு மெத்தை வாங்குகிறவருக்கு அதோடு சேரும் சில நூறு உறைக்காது. அதே சில நூறு, ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவருக்குக் கழிக்கும் நாளில் உறைக்கும். தீபாவளிக்குத் தீபாவளி சோபா மாற்றுகிறவரைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கும் இதுதான் பதில். மாற்றுகிறவர் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் கட்டிவிடுவார்.

லாட்ஜ், தங்கும் விடுதி, கல்யாண மண்டபம், அலுவலகம் ஆகியவை ஒரே நேரத்தில் பத்து இருபது மெத்தை, நாற்காலி என்று கழிப்பவை. அவர்களிடம் தாராளமாகக் கட்டணம் வாங்குங்கள். சனிக்கிழமை வண்டியில் வீட்டுப் பொருளுக்கு இடம் இல்லாமல் இவர்கள் பொருள் ஏறக் கூடாது.

வீடுகளிடமும் ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்று மாமன்றம் முடிவு செய்தால், கட்டடக் கழிவுக்கு மாநகராட்சி 2025-இல் கொண்டுவந்த முறை ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஒரு டன் வரை இலவசம், அதற்கு மேல் போனால் கட்டணம். அதே மாதிரி ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இத்தனை பொருள் வரை இலவசம் என்று வைத்து, அதைத் தாண்டினால் மட்டும் வாங்கலாம். குடும்பம் என்று நாங்கள் சொல்வது சொத்து வரி எண்ணை அல்ல. ஒரே வரி எண்ணில் ஐந்தாறு குடித்தனம் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. வீட்டுக்காரர் முதல் மாதமே ஒதுக்கீட்டைத் தீர்த்துவிட்டால் குடித்தனக்காரர் என்ன செய்வார்? 2022-இல் வீட்டு வரி உயர்ந்தபோது, எங்கள் பகுதியில் பலருக்கு அது வாடகை உயர்வாகத்தான் வந்து சேர்ந்தது. வெள்ளம் வந்தால் அந்தக் காலத்துக்கு எந்தக் கணக்கும் இருக்கக் கூடாது.

எந்தக் கட்டணமானாலும் ஒரு ரூபாய்கூடத் தூய்மைப் பணியாளர் கையில் கொடுக்கும்படி இருக்கக் கூடாது. செயலியிலோ வார்டு அலுவலகத்திலோ கட்டி ரசீது வாங்குவதாக இருக்கட்டும். பணம் வாங்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டினால் தெருவில் தினமும் தகராறு வரும், அதில் அடி வாங்குவதும் அவர்கள்தான். மூன்றாவது மாடியிலிருந்து குறுகிய படியில் சோபாவை இறக்குவது சாதாரண வேலை இல்லை. முன்னால் பிடிப்பவர் ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்க வேண்டும். திருப்பத்தில் சோபாவைச் செங்குத்தாக நிமிர்த்த வேண்டும். துருப்பிடித்த ஆணி கையைக் கிழிக்கும். பதிவு செய்யும்போதே மாடி எண்ணைக் கேட்டு, அதற்குத் தகுந்த ஆட்களையும் நல்ல கையுறையையும் கொடுத்து அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமை பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பகுதியில் பலருக்குச் சனிக்கிழமை வேலை நாள். லாரி நுழையாத சந்துகளும் உண்டு. பேட்டரி வண்டியில் மூன்று பேர் உட்காரும் சோபா ஏறாது. வார்டுக்கு ஒரு நிரந்தர இடம் ஒதுக்கி, ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைத்தால், நாங்களே மீன்பாடி வண்டியில் கொண்டுவந்து சேர்த்துவிடுவோம். பாலத்துக்குப் போகும் வண்டி இங்கே வந்துவிடும். அந்த இடத்தில் நல்ல நிலையில் உள்ள மேசை, கட்டில், நாற்காலியைத் தனியாக ஒரு பக்கம் வைத்து, தேவைப்படுகிறவர்கள் எடுத்துப் போக அனுமதிக்க வேண்டும். எங்கள் வீடுகளில் பாதிச் சாமான் இன்னொருவர் கழித்ததுதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. போகிக்கு முந்தைய வாரம் தினமும் வண்டி வந்தால் இன்னும் நல்லது. டயரும் ரெக்சினும் எரியும் புகையைப் பற்றி அறிவிப்பு கொடுப்பதைவிட, எரிக்க எதுவும் வீட்டில் மிஞ்சாமல் செய்வது சுலபம். எடுத்துப் போன ஃபோமையும் ரெக்சினையும் எங்கே என்ன செய்கிறார்கள் என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு 6,000 டன்னுக்கு மேல் குப்பை சேரும் நகரம் இது. கொடுங்கையூர்க் கிடங்கு எங்களுக்குப் பக்கம்தான், காற்று திரும்பினால் எங்களுக்கே தெரிந்துவிடும்.

கடைசியாக, கட்டணம் குறித்த தீர்மானம் எதுவும் மாமன்றத்துக்கு வருவதானால், அதன் வரைவைத் தமிழில் வார்டு அலுவலகத்தில் ஒட்டி, பகுதி சபைக் கூட்டத்தில் வைத்து, எங்கள் கருத்தைக் கேட்ட பிறகே எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். 2020-இல் அறிவிப்பு முதலில் வந்து பேச்சு பிறகு வந்ததால்தான் அவ்வளவு சத்தம் எழுந்தது. தொழில் உரிம நிபந்தனை பற்றியும் வார்டுக்கு ஓர் இடம் ஒதுக்குவது பற்றியும் எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
ஓட்டேரி, பட்டாளம் பகுதித் தெருக்களில் குடியிருப்போர்
(கையொப்பத் தாள்கள் இணைக்கப்பட்டுள்ளன)

இணைப்பு: கால்வாய்ப் பாலத்தில் சிக்கிய மெத்தைகளின் படங்கள், லாரி நுழைய முடியாத சந்துகளின் பட்டியல்.

நகல்: மண்டல அலுவலர், திரு.வி.க. நகர் மண்டலம், எங்கள் வார்டு மாமன்ற உறுப்பினர்.