கரகரப்பு பிடிபட்டது

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள சிவா,

தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு டப்பா காலியாகி, இப்போது அதில் ஸ்க்ரூவும் வாஷரும் கிடக்கின்றன. வாங்கித் தின்றவன் ஒரு வரி எழுதவில்லை என்று உன் வீட்டுக்காரி என் வீட்டுக்காரியிடம் போட்டுக்கொடுத்ததும் காதுக்கு வந்தது. எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். சின்னவன் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் தேறிவிட்டான். யார் வம்சம் என்று நீ ஆரம்பிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். என் பக்கி (பிக்கப்) வண்டியில் வைத்திருக்கிற, பேசிக் கேட்கும் ரேடியோ செட்டில் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த அந்தக் கரகரப்பு பிடிபட்டுவிட்டது!

ரவி அண்ணன் வழக்கம்போல "ஆல்டர்னேட்டர்தான் தம்பி" என்றார். வயிற்று வலிக்கே ஆல்டர்னேட்டரைக் காரணம் சொல்லும் மனுஷன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வதுதான் ஆல்டர்னேட்டர். அதன் சத்தம் என்றால் காலோடு போகவேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் விசில் ஏறும், விட்டால் இறங்கும். என் வண்டியிலோ எஞ்சினே ஓடவில்லை, சாவியைத் திருப்பி ஹெட்லைட்டைப் போட்டதுமே செட் சீறுகிறது. இதில் ஆல்டர்னேட்டர் எங்கே வந்தது?

வீட்டு வாசலில் வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை. லோட்ஷெடிங் என்கிற மின்வெட்டுப் புண்ணியத்தில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் இன்வெர்ட்டர். ஒவ்வொன்றும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். அதனால் டோங்காட் பக்கம் கரும்புக் காட்டு ஓரமாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். 7 மெகாஹெர்ட்ஸில், வண்டியில் எல்லாம் அணைந்திருக்க, செட்டில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டர் முள் எஸ்-2. சாவியும் லைட்டும் போட்டால் எஸ்-7. ஆன்டெனா கம்பியைக் கழற்றினேன், செட் கப்சிப். அப்படியானால் சத்தம் பவர் கம்பி வழியாக வரவில்லை, ஆன்டெனா வழியாகத்தான் வருகிறது. ஊரெல்லாம் விற்கிற பவர் ஃபில்டர் டப்பாவை வாங்கி மாட்டியிருந்தால் காசுக்குக் கேடு.

இனிமேல்தான் சங்கதி. முதலில் டாஷ்கேம், அதாவது வழியைப் படம்பிடிக்கும் கேமராவின் சார்ஜரைப் பிடுங்கினேன். முள் அசையவில்லை. "சரி, இது யோக்கியன்" என்று திரும்பச் செருகத்தான் கை போகும், யாருக்கும். நான் செருகவில்லை, அப்படியே தொங்கவிட்டேன். அடுத்து ஹெட்லைட்டை அணைத்தேன். போன வருஷம் மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்ட எல்இடி பல்புகள். முள் சரசரவென்று எஸ்-2க்கு இறங்கியது. இப்போது டாஷ்கேமைச் செருகினால் எஸ்-6! யோக்கியன் வேஷம் கலைந்தது.

கணக்கு இதுதான். எஸ்-மீட்டரில் ஒரு புள்ளி 6 டெசிபெல். சம பலமுள்ள இரண்டு சத்தத்தில் ஒன்றை அடியோடு ஒழித்தாலும் குறைவது 3 டெசிபெல், அதாவது அரைப் புள்ளி. ஒன்று மற்றதைவிட 6 டெசிபெல் சின்னது என்றால், அந்தச் சின்னதை எடுப்பதால் குறைவது 1 டெசிபெல்தான். காதுக்கு அது தெரியவே தெரியாது. தவில் நிற்கும்வரை மண்டபத்தில் யார் குறட்டை விடுகிறார் என்று கண்டுபிடிக்க முடியுமா? ஆகவே எதைக் கழற்றினாலும், பலன் தெரியாவிட்டாலும், கழற்றினது கழற்றினபடியே இருக்கட்டும். எல்லாம் அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் போடு. அப்போது ஒவ்வொரு திருடனும் தானாகவே கையைத் தூக்குவான்.

இரண்டும் அடங்கினதும் எஞ்சினைப் போட்டேன். டிக் டிக் டிக். வேகத்தோடு சேர்ந்து ஓடுகிற சத்தம். இது ஸ்பார்க் பிளக். கடைசியாக சர்வீஸ் செய்தவர்கள் சத்தத்தை அடக்கும் ரெசிஸ்டர் இல்லாத பிளக்கைப் போட்டிருக்கிறார்கள். மாற்றினேன். போனட்டையும் சைலன்சர் குழாயையும் பின்னல் செப்புப் பட்டையால் சேஸிஸோடு இணைத்தேன், இல்லாவிட்டால் அந்த நீளக் குழாயே ஒரு ஆன்டெனா. ஹெட்லைட்டில் பழைய ஹாலோஜன் திரும்ப வந்துவிட்டது. டாஷ்கேம் கம்பியை இரைச்சலைத் தடுக்கும் 31-ஆம் ரக ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் மூன்று சுற்றுச் சுற்றினேன். ஒரு சுற்றுக்கு மூன்று சுற்று என்றால் தடை மூன்று மடங்கு இல்லை, கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. சும்மா ஒரு தடவை கம்பியை நுழைத்துவிட்டு "ஃபெரைட் வேலை செய்யவில்லை" என்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செட்டிலேயே இரைச்சலை மழுப்பும் நாய்ஸ் பிளாங்கர் பொத்தான் இருக்கிறதே, இதற்குப் போய் இவ்வளவு பாடா என்று சுகுணா கேட்டாள். நீயும் கேட்பாய். பிளக்கின் டிக் டிக்கை அது கொஞ்சம் மழுப்பும். சார்ஜரின் சீறலை ஒன்றும் செய்யாது.

ஏன் இப்படி அலைந்தேன் என்று உனக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் நீ இங்கேதான் இருந்தாய். வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் போனார்கள், மண் சரிந்து வீடுகள் போயின, டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. அன்றைக்கு என் கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. இரைச்சல் உள்ள வண்டியில் இருக்கிறவன் பேசினால் ஊருக்கே கேட்கும், எதிராளி மெலிசான சிக்னலில் கூப்பிட்டால் இவனுக்கு மட்டும் கேட்காது. கேட்கவில்லை என்பதுகூட இவனுக்குத் தெரியாது, யாரும் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொள்வான். எனக்கு அதுதான் பயம்.

இனி உன் வண்டி. மிதித்தால் விசில் ஏறுகிறது என்று எழுதியிருந்தாய். உன் விஷயத்தில் ரவி அண்ணன் ஜெயித்தார், அது ஆல்டர்னேட்டரேதான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து கரன்ட் எடுப்பதை முதலில் நிறுத்து. தடிமனான கம்பியை நேராக பேட்டரியிலிருந்து இழு, பாசிட்டிவில் ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். உன் வண்டி புதுசு, நெகட்டிவ் முனையில் பேட்டரியைக் கண்காணிக்கும் சென்சார் இருந்தால் உன் நெகட்டிவ் கம்பியை அதைத் தாண்டி, பாடியில் எர்த் பிடிக்கிற இடத்தில் கட்டு. சென்சாரைத் தாண்டாமல் கட்டினால் பேட்டரிக் கணக்கு குழம்பும். அப்புறமும் விசில் நிற்காவிட்டால், எஞ்சின் ஓடும்போது வோல்ட் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரி முனையில் பார். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டருக்குள்ளே ஏதோ டயோடு போயிருக்கிறது என்று சந்தேகப்படு. அதற்கு ஃபெரைட்டும் உதவாது, ஃபில்டரும் உதவாது, எலெக்ட்ரீஷியனிடம் கொடு.

தைப்பூசத்துக்கு நீங்கள் எல்லோரும் இங்கே வரவேண்டும் என்று அம்மா உத்தரவு. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து காரிலேயே வா, பிளேன் வேண்டாம். வழியில் செட்டைப் போட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
குமார்

பி.கு.: மீட்டரை டிசியில் வைத்துவிட்டு "14 வோல்ட் காட்டுகிறதே, ஆபத்தா?" என்று எழுதாதே. அது சார்ஜ் ஆகிறது.