ஆங்கிலத்தில் 'கேஷ்' இரண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையில், ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'காசு' என்பதிலிருந்தே பிறந்தது என்று எழுதப்பட்டிருந்தது. மேடைகளில் பலரும் சொல்லிக் கைதட்டல் வாங்கும் செய்திதான்; ஆனால் பாதிதான் சரி.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு 'கேஷ்' உண்டு. 'கேஷா, கார்டா' என்று கடையில் கேட்கிறார்களே, அந்தச் சொல் பெட்டி என்று பொருள்படும் 'காப்ஸா' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது; பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் வாயிலாக 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது, பணப்பெட்டியையும் அதற்குள் இருந்த பணத்தையும் சேர்த்தே குறித்தது. எங்கள் செவ்வாய்ப்பேட்டையில் கடையடைக்கும் நேரத்தில் 'கல்லா எவ்வளவு தேறியது' என்று முதலாளி கேட்டால், பெட்டியைக் கேட்கிறாரா பணத்தைக் கேட்கிறாரா என்று யாரும் யோசிப்பதில்லை அல்லவா?

இன்னொரு 'கேஷ்' நம்முடையதே. நம் காசைப் போர்ச்சுக்கீசியர் 'காய்ஷா' என்றனர். பெட்டிக்கும் அவர்களிடம் அதே சொல் என்பதால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு, தென்னிந்தியச் செப்புக்காசையும், நடுவில் சதுரத் துளையுள்ள சீனக் காசையும் அப்பெயரால் அழைத்தனர். சேலம் பகுதி 1792-இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறி, அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே நிலவரி வசூலித்த காலத்தில், 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் (பொன் நாணயம்) என்பதே கம்பெனியின் சென்னைக் கணக்கு. 'பணம்' கூட 'ஃபனம்' என்று ஆங்கில அகராதியில் ஏறியிருக்கிறது. கம்பெனிக்காக இங்கிலாந்தில் 1808-இல் அச்சிட்ட இருபது காசு நாணயத்தின் ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிய கம்பெனிச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் 'பீஸ்த் காஸ்' (இருபது காசு), அதன்கீழ் ரோமன் எண்ணோடு 'கேஷ்'. பாரசீகம் நம் ஒலியை ஏறக்குறைய அப்படியே காத்திருக்க, ஆங்கிலம்தான் அதைத் திரித்திருக்கிறது. 1818-இல் சென்னை மாகாணத்தில் ரூபாய்க் கணக்கு வந்தபின் இந்தக் 'கேஷ்' மெல்ல வழக்கொழிந்தது.

கட்டுமரமும் சுருட்டும் நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போனதற்கு வலுவான சான்று இருக்கையில், ரொக்கத்துக்கும் உரிமை கொண்டாடுவது வீண் வேலை. தங்கள் இணைப்பைப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள் என்பதால், அடுத்த ஞாயிறே ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.