நட்ட கணக்கோடு பிழைத்த கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2030க்குள் பத்து லட்சம் மரங்கள் என்று 2020ல் சிங்கப்பூரில் தொடங்கிய இயக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால் இயற்கை வனப்பகுதிகளில் கன்று வைப்பது சில நிமிட வேலை; அதன்பின் வரும் ஆண்டுகள்தான் பாடு.

நம் காடுகளில் பெரும்பகுதி ஆதி மழைக்காடு அல்ல. 19ஆம் நூற்றாண்டில் காட்டை அழித்து, கேம்பியரும் (தோல் பதனிட உதவும் செடி) மிளகும் பயிரிட்டார்கள். கேம்பியர் இலையைக் காய்ச்சவே சுற்றியிருந்த மரமெல்லாம் விறகானது. மண் சத்திழந்ததும் நிலத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார்கள். தாவரவியல் தோட்டக் கண்காணிப்பாளர் கேன்ட்லியின் 1883 அறிக்கைக்குப் பிறகே ஒதுக்குக் காடுகள், அதாவது பாதுகாக்கப்பட்ட காடுகள், வந்தன.

அப்படி விடப்பட்ட மண்ணில் ரெசாம் பெரணி ஆளுயரத்துக்குப் பின்னிக்கொள்ளும். காய்ந்த தண்டு சீக்கிரம் மக்காது, அடுக்கடுக்காகச் சேரும். விழும் விதை மண்ணைத் தொடாது. தொட்டு முளைத்தாலும் வெளிச்சமில்லை. மேலே மட்டும் அறுத்தால் பயனில்லை, மண்ணையொட்டி ஓடும் கிடைத்தண்டு மீண்டும் துளிர்க்கும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டராவது தண்டோடு களைந்து, கன்று பெரணியைத் தாண்டி வளரும்வரை திரும்பத் திரும்பப் போக வேண்டும். கொடிகளும் அப்படியே.

எந்த மரம் என்பதும் முக்கியம். மெராந்தி, செராயா போன்ற மழைக்காட்டுப் பெருமரங்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பெருமளவில் காய்க்கும். விதையை உலர்த்திச் சேமிக்க முடியாது. விழுந்த சில வாரங்களில் செத்துவிடும். காய்த்த உடனே பொறுக்கி, தாய்மரத்தடி மண்ணைக் கொஞ்சம் கலந்து நாற்றங்காலில் போட வேண்டும். வேரோடு கூடி வாழும் பூஞ்சை அந்த மண்ணில்தான் இருக்கிறது. இளங்கன்றை வெட்டவெளியில் நட்டால் கருகும். முதலில் வெயில் தாங்கும் தியூப் தியூப், மக்காராங்கா மரங்களை நட வேண்டும். நிழல் வந்தபின் மெராந்தி.

வேகமாக வளரும் வெளிநாட்டு மரமான அல்பீசியாவைக் கண்டாலே வெட்டு என்பதும் சரியல்ல. கிளை முறியும் மரம்தான், நடைபாதையோரம் இருந்தால் எடுக்கட்டும். உட்புறத்தில் அதன் உச்சியில் கழுகுகள் கூடு கட்டுகின்றன. ஒரேயடியாக வெட்டினால் வெயில் கொட்டி, கொடிகள் மூடிவிடும். அதன் நிழலிலேயே அடுத்த தலைமுறையை நடலாம்.

எனவே, மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் கன்றுகளின் எண்ணிக்கையையும் இடவாரியாக வெளியிட வேண்டும். நிறுவனங்களும் நடும் நாளை வடகிழக்குப் பருவமழையையொட்டி நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ வைத்துக்கொள்ளலாம். பிப்ரவரி வறட்சியில் நட்டால், புகைப்படம் எடுத்தவர்கள் போனபின் தண்ணீர் சுமக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
வனப் பராமரிப்புத் தொண்டூழியர்கள்,
சிங்கப்பூர்