செம்மண்ணைக் கொட்டாமல் திரும்பிய லாரிக்கு நன்றி

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கும், மண் லாரி ஓட்டிவந்த அண்ணனுக்கும் வணக்கம்.

மழைவெள்ளம் வடியாமல் நின்ற அந்த நாலு நாளைப் பற்றித் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் எல்லார் வீட்டுப் பின்பக்கமும்தான் நின்றது. மோட்டார் கொடுத்தவர்கள், மாடிக் கழிவறையைத் திறந்துவிட்டவர்கள், ராத்திரியில் வடிகால் அடைப்பெடுத்த மாநகராட்சித் தொழிலாளர்கள், ஊரிலிருந்து பஸ்ஸில் வாழைக்கன்று போட்டனுப்பிய சித்தப்பா எல்லாருக்கும் கும்பிடு. ஆனால் இந்த மடல் முக்கியமாக அந்த ஓட்டுநர் அண்ணனுக்கு. பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் வடிந்ததும் கொல்லையை மண் போட்டு உயர்த்திவிடலாம் என்பதுதான் கிராமத்திலிருந்து வந்தவர்களுக்கு முதலில் தோன்றும். ஊரில் அது சரி. ஏரி வண்டலை அள்ளிவந்து கொட்டினால் கீழே கிடப்பதும் மண், மேலே விழுவதும் மண். இங்கே 20 அடிக்கு 10 அடி இடத்துக்கு 2 யூனிட் செம்மண் சொல்லியாயிற்று. ஒரு யூனிட் 100 கன அடி. ஆக, தரை ஒரு அடி ஏறும். அண்ணன் வண்டியைப் பின்னுக்கு எடுத்துவிட்டு, டிப்பரைத் தூக்காமல் இறங்கிவந்து பின்வாசல் படியைச் சாணால் அளந்தார். பிறகு டேப் வைத்துப் பார்த்தால் 15 அங்குலம். "ஒரு அடி ஏத்திட்டா மிச்சம் நாலு விரக்கடைதான் சார். அடுத்த மழைக்குத் தண்ணி நேரா சமையக்கட்டுக்குத்தான் வரும்" என்றார்.

அதோடு விடவில்லை. வண்டியிலிருந்த கடப்பாரையால் மூன்று இடத்தில் குத்தினார். முக்கால் அடியில் டங்கென்று நின்றது. தோண்டியதில் உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, சிமென்ட் சாக்கு. ரப்பீஸ். அதற்கும் கீழே, வீடு கட்டும்போது கலவைத் தட்டுகளைக் கழுவி ஊற்றிய சிமென்ட் பால் இறுகி, தோசைக்கல் மாதிரி ஒரு படலம். அதை உடைத்தால் கறுப்புக் களிமண். குழியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, அது இறங்கியதும் மறுபடி நிரப்பச் சொன்னார். முதல் முறை காய்ந்த மண் குடித்துவிடும், இரண்டாவதுதான் கணக்காம். மண் நல்லதாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு அங்குலம் இறங்கும். இங்கே அரை அங்குலம்கூட இறங்கவில்லை. இதன்மேல் செம்மண் போட்டால் தட்டில் தண்ணீர் வைத்த மாதிரிதான். மேலே காய்ந்து தெரியும், கீழே வேர் அழுகும். பப்பாளிதான் முதலில் விழும், பின்னாலேயே முருங்கை.

டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு லோடோடு திரும்பினார். கடப்பாரையை விட்டுவிட்டுப் போனார், வேலை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வதாக.

அவர் சொன்னபடி செய்தது, இதே நிலையில் இருப்பவர்களுக்காக: ஒன்றரை அடி ஆழத்துக்கு ரப்பீஸை எடுத்து, படலத்தை முழுக்க உடைக்க வேண்டும். களிமண் ஈரமாக மினுங்கும்போது கொத்தினால் காய்ந்ததும் செங்கல்லாகிவிடும்; உருட்டிய உருண்டை அழுத்தினால் உதிரும் பதத்தில்தான் கொத்த வேண்டும். மூன்று பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய இலைதழை. களிமண்தானே, கொஞ்சம் மணல் கலந்தால் இளகும் என்று பலர் சொல்வார்கள். கொஞ்ச மணல் காரியத்தைக் கெடுக்கும். சுவரிலிருந்து 10 அடிக்கு 2 அங்குலம் வெளிப்பக்கமாகச் சாய்வு. கறிவேப்பிலையில் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் இருந்தால் பெரும்பாலும் உரக்குறை இல்லை, மண்ணில் கிடக்கும் சிமென்ட் சுண்ணாம்புதான் இரும்புச்சத்தை ஏறவிடாமல் தடுக்கிறது. மோர் ஊற்றுவதற்கு முன் துண்டுகளைப் பொறுக்குங்கள்.

மழைநீர் சேகரிப்புக் குழியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். 2003லிருந்து கட்டாயம் என்பதால் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கிறது, கணக்குத்தான் இல்லை. 800 சதுர அடி மொட்டை மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 3,700 லிட்டர். 3 அடி அகலம், 10 அடி ஆழ உறைக் குழி காலியாக இருந்தாலே 2,000 லிட்டர்தான் கொள்ளும். ஜல்லி நிரப்பினால் அதில் பாதிகூட இல்லை. களிமண்ணில் அதுவும் இறங்காது. குழியின் அடியிலிருந்து மணல் தட்டும்வரை போர் இறக்க வேண்டும், மிச்சத்துக்குத் தெரு வடிகாலுக்கு ஒரு வழிதல் குழாய் வேண்டும். கடலோரத் திருவான்மியூர் மணலில் வேலை செய்த குழியைப் பார்த்து இங்கே அப்படியே கட்டியதுதான் பாதி வீடுகளின் பிழை.

ஊரில் வளர்ந்த கைக்கு மண் தெரியும் என்றொரு இறுமாப்பு இருந்தது. தெரிந்தது ஊர் மண்தான். இனி இந்தத் தெருவில் யார் லோடு சொன்னாலும், முதலில் குழியும் இரண்டு வாளித் தண்ணீரும் என்று போய் நிற்பதாக முடிவு.

அண்ணன் இன்னும் கடப்பாரையைக் கேட்டு வரவில்லை. வாசல் கேட்டுக்கு உள்ளே, மீட்டர் பெட்டிக்குக் கீழே சாத்தியிருக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், சேற்றைக் கழுவித் திருப்பி வைத்தால் போதும். அண்ணே, நீங்கள் வந்தால் ஒரு தார் வாழைக்காய் காத்திருக்கிறது.