ஐசியூவில் வேலை பார்க்கும் தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வென்டிலேட்டரை எடுக்கலாம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மறுமையில் என்ன பதில் சொல்வேன் என்று கேட்டிருந்தாய். சும்மா ஆறுதலுக்குச் சொல்லாமல், எனக்குத் தெளிவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உயிரை எடுக்க ஊசி போடுவது ஹராம், நம் நாட்டுச் சட்டத்திலும் குற்றம். அதில் பேச்சே இல்லை. ஆனால் எந்த வைத்தியமும் இனிப் பலன் தராது என்று ஆகிவிட்ட உடம்பிலிருந்து மெஷினை எடுப்பது வேறு விஷயம். 1981-ல் குவைத்தில் முஸ்லிம் டாக்டர்கள் கூடி எழுதிய ஒழுக்க விதிகளிலேயே, டாக்டர் காப்பாற்ற வேண்டியது உயிரை, சாவை இழுத்தடிப்பது அவர் வேலை இல்லை என்ற கருத்து இருக்கிறது. 1986-ல் ஜோர்டான் நாட்டு அம்மானில் கூடிய ஃபிக்ஹ் அகாடமி என்ற இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் சபை, மூளை மொத்தமாகச் செயலிழந்து இனித் திரும்பாது என்று நிபுணர்கள் உறுதி செய்தால், மெஷின் தயவில் இதயம் துடித்துக்கொண்டிருந்தாலும் கருவிகளை எடுக்கலாம் என்றது. எல்லா ஆலிம்களும் மூளைச்சாவை மவுத் (மரணம்) என்று ஏற்கவில்லை, அதையும் நீ தெரிந்துவைத்திரு. சட்டத்துக்கு வந்தால், நம் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பும் 2023-ல் அதை எளிதாக்கிய உத்தரவும் சொல்கிறபடி மூன்று மூன்று டாக்டர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் பார்க்க வேண்டும், குடும்பத்தின் சம்மதமும் வேண்டும், அதனால் இந்தப் பாரம் உன் ஒருத்தி தலையில் விழுவதில்லை.

என் கவலை வேறு. வண்ணாரப்பேட்டையில் என் கிளினிக்குக்கு பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவர், எல்லாரும் போன பிறகு மெதுவாக, "டாக்டரம்மா, நான் கையெழுத்துப் போட்டதாலதான் வாப்பா மவுத்தா போனாங்களா?" என்று கேட்கிறார். மண்ணடியில் சின்னக் கடை வைத்திருக்கும் மனுஷன், ஐசியூ பில்லுக்காக நகையை எல்லாம் அடகு வைத்தவர். அவரிடம் யாரோ ஒரு டாக்டர் "நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று ஃபாரத்தை நீட்டிவிட்டுப் போயிருக்கிறார். அப்படிக் கேட்காதே, தங்கச்சி. "வாப்பாவை இந்த நோய்தான் கொண்டுபோகிறது, எங்கள் வைத்தியம் இதற்கு மேல் வேலை செய்யாது, மெஷினை எடுக்கலாம் என்பது எங்கள் முடிவு, உங்களுக்குச் சம்மதமா?" என்று உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துச் சொல். எல்லாம் அல்லாஹ் கையில் என்பது சத்தியம்தான், ஆனால் உண்மையைச் சொல்லாமல் நழுவுவதற்கு அதைச் சொல்லக் கூடாது.

புகாரி ஹதீஸ் தொகுப்பில் வரும் வலிப்பு நோய்ப் பெண்மணியை நினைத்துப் பார். பொறுமையாக இருந்தால் சொர்க்கம், விரும்பினால் குணமாக துஆ செய்கிறேன் என்று நபி (ஸல்) சொன்னபோது பொறுமையைத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் வலிப்பு வரும்போது என் உடம்பு திறந்துபோகிறது, அது மட்டும் நடக்காமல் துஆ செய்யுங்கள் என்றார். குணத்தைக்கூட விட்டுக்கொடுத்தவர் அதை விடவில்லை. ஐசியூவில் பின்னால் நாடா அவிழ்ந்த கவுனோடு நம் உம்மாமார்கள் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். போர்வையை இழுத்துவிட ஆர்டர் எதுவும் வேண்டியதில்லையே.

மார்ஃபின் பற்றியும் கேட்டாய். வலிக்கு அளவாகக் கொடுப்பது கொலையாகாது, தாராளமாகக் கொடு. மயக்கம் கூடும் என்றால் மட்டும், பேசத் தெம்பு இருக்கும்போதே பிள்ளைகளை உள்ளே விடு, கலிமா சொல்லிக்கொள்ளட்டும். ட்யூபும் ஒயரும் எட்டுகிற வரைக்கும் கட்டிலை நாம் தொழும் திசையான கிப்லாப் பக்கம் திருப்பலாம், சிஸ்டர்களிடம் கேட்டால் செய்வார்கள்.

நைட் டூட்டி இல்லாத நாளில் இஷாவுக்கு அப்புறம் வீட்டுக்கு வா. குடும்பத்தாரிடம் முதல் வார்த்தையை எப்படி எடுப்பது என்று உட்கார்ந்து பேசுவோம்.

வஸ்ஸலாம்,
உன் லாத்தா